மழை வந்தது, கண்ணாடி ஏறவில்லை!

பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய பிக்-அப் வண்டி வருகிறது. காடாம்புலியூர் தாண்டியாயிற்று. நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு இன்னும் சிறிது தூரம்தான்.

வண்டிக்குப் பின்னால் பழம். முன்னால் டிரைவரும் அவர் மனைவியும். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். பழ வாசனையில் பிள்ளைகள் பாதித் தூக்கம்.

மாலை 5 மணிக்கே வானம் இருட்டிவிட்டது. பெரிய தூறல் ஒன்று டிரைவரின் கையில் விழுந்தது. அவர் கியர் பக்கத்தில் இருந்த சுவிட்சை அழுத்தினார்.

கண்ணாடி ஏறவில்லை!

மறுபடியும் அழுத்தினார். கதவுக்குள் "டொக்" என்று ஒரு சத்தம். மூன்றாம் முறை அந்தச் சத்தமும் இல்லை.

அடுத்த நிமிஷம் மழை கொட்டியது. டிரைவர் சட்டை நனைந்தது. சீட்டு நனைந்தது. மனைவி பழைய சாக்கு ஒன்றை எடுத்து ஜன்னலில் பிடித்துக்கொண்டார். சாக்கைப் பிடித்தபடியே ஆர்ச் கேட் வந்து சேர்ந்தார்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் அறிந்த சங்கடம் இது. மழையோடு போனால் பரவாயில்லை. திறந்த ஜன்னலோடு வண்டியை இரவில் எங்கே நிறுத்துவது? உள்ளே இருக்கும் பொருளுக்கு யார் காவல்? காலையில் அடுத்த வாடகைக்குப் போவது எப்படி?

டீக்கடை ஓரத்தில் நின்ற ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மோட்டார் போயிடுச்சுங்க. முழு செட்டும் மாத்தணும். சில ஆயிரம் ஆகும்."

சில ஆயிரம்! வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல நாள் சம்பாத்தியம். டிரைவரின் முகம் சுண்டிப்போயிற்று.

மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா?

கைப்பிடி சுற்றிய காலம்

ஒரு காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. அம்பாசடர் காரில் கதவின் உட்புறம் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் கண்ணாடி ஏறும். எதிர்ப்பக்கம் சுற்றினால் இறங்கும். கைப்பிடி உடைந்தால் குறடு போட்டுத் திருகுவார்கள். அதிலும் கண்ணாடி ஏறும்!

பொத்தானை அழுத்தினால் கண்ணாடி ஏறும் வித்தை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941-ஆம் ஆண்டு மாடல் பக்கார்டு கார்களில் இது இருந்தது. ஆனால் அதில் கண்ணாடியைத் தூக்கியது எண்ணெய் அழுத்தம். எண்ணெய் ஒழுகினால் கதை முடிந்தது. முழுவதும் மின்சாரத்தால் கண்ணாடியைத் தூக்கும் முறையை 1951-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் வைத்தது.

அன்று அது சீமான்களின் வசதி. இன்று சுமை வண்டிக்கும் வந்துவிட்டது. ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாட்டா ஜெனான் போன்ற இரட்டைக் கேபின் பிக்-அப் வண்டிகள் பவர் விண்டோவோடு வந்தவை. அவை பழசாகி, இரண்டாவது மூன்றாவது கை மாறி, இன்று காய்கறிக்கும் பழத்துக்கும் முந்திரிக் கொட்டைக்கும் ஓடுகின்றன. சாமான் பழசானது, வசதி மட்டும் புதிதாகவே இருக்குமா?

கதவுக்குள் என்ன இருக்கிறது?

வண்டிக் கதவு வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தகடு. உள்ளே வெற்றிடம். கண்ணாடி இறங்கினால் அந்த வெற்றிடத்துக்குள்தான் போகிறது.

அங்கே ஒரு சிறிய மோட்டார் உண்டு. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இந்த மோட்டாருக்கு 12 வோல்ட் போதும். பாட்டரியே கொடுத்துவிடும்.

இந்த மோட்டார் முன்னும் சுற்றும், பின்னும் சுற்றும். எப்படி? அதற்கு இரண்டு வயர். ஒரு வயரில் மின்சாரம் போய் இன்னொன்றில் திரும்பினால் கண்ணாடி ஏறும். சுவிட்சை மாற்றி அழுத்தினால் போன வழியும் வந்த வழியும் இடம் மாறும். கண்ணாடி இறங்கும். சுவிட்சு செய்கிற வேலை அவ்வளவுதான்.

மோட்டாரின் முனையில் திருகு ஆணி போன்ற ஒரு தண்டு. அது ஒரு பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. திருகு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தால் திருகைச் சுற்ற முடியாது. அதனால்தான் ஏறிய கண்ணாடியைக் கையால் அமுக்கினாலும் கீழே இறங்குவதில்லை. பூட்டே இல்லாத பூட்டு!

அந்தச் சக்கரத்திலிருந்து கண்ணாடிக்குப் பலம் போக இரண்டு வழி உண்டு. சில வண்டிகளில் கத்தரிக்கோல் போல விரிந்து சுருங்கும் இரும்புக் கைகள். சிலவற்றில் உருளையில் ஓடும் மெல்லிய இரும்புக் கேபிள், கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவதுபோல. கயிறு அறுந்தால் வாளி கிணற்றில் விழும். கேபிள் அறுந்தால் கண்ணாடி கதவுக்குள் விழும்.

மெக்கானிக்குகள் இந்த அமைப்பு முழுவதையும் "கண்ணாடி மிஷின்" என்கிறார்கள். பொருத்தமான பெயர்.

மண்ணைத் தோண்டிய ஊர்

நெய்வேலியில் இந்த மிஷினுக்கு ஒரு தனி எதிரி உண்டு. தூசு!

இந்த ஊரே மண்ணைத் தோண்டிப் பிறந்த ஊர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னால் தெரிந்தது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. சோவியத் நாட்டு உதவியோடு எழுந்த அந்த முதல் அனல் மின்நிலையம் உழைத்து ஓய்ந்து, 2020-ல் நிறுத்தப்பட்டது. நிறுவனத்தின் பெயரும் 2016-ல் என்.எல்.சி. இந்தியா என்று மாறிவிட்டது.

இங்கே மண்வெட்டும் யந்திரங்கள் ராட்சதப் பிறவிகள். பெரிய சக்கரம், சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள். பெரிய யந்திரத்தின் ஒரு வாளியில் 1,400 லிட்டர் கொள்ளும். அப்படிப்பட்ட யந்திரத்தின் இரும்புப் பற்களையே தேய்த்தது இந்த ஊர் மணற்பாறை. தொடக்க காலத்தில் பொறியாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் வெடிவைத்துப் பாறையைத் தளர்த்தி, அப்புறம்தான் யந்திரத்தை விட வேண்டியிருந்தது.

ராட்சத இரும்புப் பல்லைத் தேய்த்த மண், கதவு ரப்பரை விட்டுவைக்குமா?

கண்ணாடி ஏறி இறங்க இரண்டு பக்கமும் ரப்பர் ஓடை இருக்கிறது. செம்மண் தூசும் நிலக்கரித் தூசும் சாம்பலும் அதில் படிகின்றன. மழையில் நனைந்து குழைகின்றன. வெயிலில் காய்ந்து இறுகுகின்றன. பிறகு கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறாது. உரசிக்கொண்டு ஏறும். மோட்டார் முக்கும். சூடேறும். பல மோட்டார்களில் சூடு அதிகமானால் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு உண்டு. சிறிது நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். "காலையில் ஏறுகிறது, மத்தியானம் ஏறவில்லை" என்று சொல்பவர்களின் வண்டியில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

"தம்பி, காது கொடு!"

டிரைவர் அன்று இரவு கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் காகிதம் ஒட்டி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினார். இரண்டு முறை எழுந்து வந்து பார்த்தார். காலையில் மந்தாரக்குப்பத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் வயதில் மூத்தவர். திருப்புளியை எடுக்கவே இல்லை.

"சுவிட்சை அழுத்து தம்பி. சத்தம் வருதா?"

"இல்லீங்கண்ணே. நேத்து ஒரு தடவை டொக்குன்னுச்சு."

"மத்த கண்ணாடியெல்லாம் ஏறுதா?"

"ஏறுதுண்ணே."

இந்த இரண்டு பதிலில் பாதி நோய் தெரிந்துவிட்டது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு, கண்ணாடி மட்டும் அசையாமல் இருந்தால், கேபிள் அறுந்திருக்கும். இல்லாவிட்டால் பல் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் படுத்துவிட்டது. எல்லாக் கண்ணாடியும் ஒரேயடியாக நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது பியூஸ். இங்கே மற்றவை ஏறுகின்றன. ஆகவே அந்தச் சந்தேகம் குறைந்தது. (சில வண்டிகளில் ஒவ்வொரு கதவுக்கும் தனிப் பியூஸ் உண்டு. அதையும் அவர் பார்த்துக்கொண்டார்.)

பியூஸ் போனால் அதே அளவுப் பியூஸ்தான் போட வேண்டும். சிலர் சிகரெட்டு அட்டையின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் செருகுகிறார்கள். கண்ணாடி ஏறும். கூடவே வயர் எரியும். கண்ணாடியை மீட்கப் போய் வண்டியைக் கொளுத்துவது புத்திசாலித்தனமா?

"விளக்கைப் போட்டுக்கிட்டு சுவிட்சை அழுத்து" என்றார் மெக்கானிக்.

விளக்கு மங்கவில்லை. மங்கியிருந்தால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, மோட்டார் எங்கோ சிக்கி நிற்கிறது என்று பொருள். மங்காவிட்டால் மின்சாரம் வழியிலேயே நின்றுவிடுகிறது.

அடுத்து அவர் செய்ததுதான் வேடிக்கை. "கையை எடுக்காதே, அழுத்திக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு டிரைவர் பக்கத்துக் கதவை மெதுவாகத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். கதவு பாதி திறந்தபோது கண்ணாடி ஒரு விரற்கடை துள்ளியது!

"மோட்டாருக்கு ஒண்ணும் இல்லை தம்பி. வயர்தான் அறுந்திருக்கு."

கதவுக்கும் வண்டிக்கும் நடுவே, கீல் ஓரத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்க் குழாய் இருக்கும். மோட்டாருக்குப் போகும் வயர்கள் அதற்குள்தான் போகின்றன. கதவைத் திறக்கும்போதெல்லாம் வயர் வளைகிறது. மூடும்போது நிமிர்கிறது. சுமை வண்டியின் டிரைவர் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறது! ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் என்ன ஆகும் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். மேலே உறை நன்றாகவே இருக்கும். உள்ளே செம்பு முறிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

ரப்பர்க் குழாயைக் கழற்றியதும் முறிந்த வயர் வெளியே வந்தது. பாட்டரி முனையைக் கழற்றிவிட்டு அதைச் சேர்த்தார்கள். சேர்ப்பதிலும் விஷயம் உண்டு. வீட்டுக்குப் போடும் விறைப்பான கம்பி இங்கே உதவாது. பல மெல்லிய இழைகள் கொண்ட, பழைய வயரின் அதே கனமுள்ள வயர் வேண்டும். வளைவதற்குக் கொஞ்சம் நீளம் விட வேண்டும். ஈயப்பற்று வைத்து, மேலே உறை போட வேண்டும். அந்த ஈயப்பற்றும் வளைகிற இடத்தில் வரக்கூடாது. தள்ளி, கதவுக்குள்ளே வர வேண்டும். வெறும் டேப்பைச் சுற்றி அனுப்பினால் அடுத்த மழைக்கு அதே வண்டி அதே கடைக்கு வரும்.

சுவிட்சை அழுத்தினார்கள். கண்ணாடி ஏறியது. ஆனால் நடுங்கி நடுங்கி, முனகிக்கொண்டு ஏறியது.

"எத்தனை நாளா இப்படி ஏறுது?"

"ஆறு மாசமாவே இப்படித்தாண்ணே."

"அப்பவே வந்திருக்கணும்."

கதவைத் திறந்தார்கள்

கதவின் உட்பக்கம் மூடியிருக்கும் பலகையை "டோர் பேடு" என்பார்கள். கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் திருகுகளை முதலில் கழற்ற வேண்டும். பிறகு ஓரத்தில் பிளாஸ்டிக் கிளிப்புகள். அவசரப்பட்டு இழுத்தால் எல்லாம் உடையும். உடைந்தால் அன்று முதல் கதவு "கடகட" என்று ஆடும்.

பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பல கடைகளில் இதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். அது தவறு. மழைத் தண்ணீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குவது இயற்கை. எல்லா வண்டியிலும் இறங்கும். கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியே போக வேண்டும். உள்ளே பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். தாள் போனால் டோர் பேடு ஊறும். காலடியில் தண்ணீர் நிற்கும்.

இந்த வண்டியில் அடித்துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தன. மெக்கானிக் ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். செம்பழுப்புத் தண்ணீர் கால் வாளி அளவு கொட்டியது! வண்டிக் கதவுகள் பல கீழ்ப்பக்கத்திலிருந்து துருப்பிடிப்பது இந்தத் துளைகள் அடைபடுவதால்தான்.

ரப்பர் ஓடையில் தூசு கட்டி கட்டியாக இருந்தது. கூடவே கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளின் ஓரம் பிய்ந்து ஓடைக்குள் சுருண்டுகிடந்தது. கறுப்புத் தாள் விஷயத்தில் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பான தீர்ப்புச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிய்ந்த தாள் கண்ணாடியையும் பிடித்து நிறுத்துகிறது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

ஈரத் துணியால் ஓடையைத் துடைத்து, உலர்த்தி, சிலிக்கான் தெளிப்பு அடித்தார்கள். இங்கே எஞ்சின் ஆயிலோ கிரீசோ தடவக்கூடாது. அந்த எண்ணெயில் ரப்பர் ஊறிப் பருக்கும். தூசும் பசைபோல ஒட்டும். கிரீஸ் வேண்டிய இடம் இரும்புப் பல்லும் கைகளும்தான்.

வீட்டிலேயே இந்த வேலையைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடையைத் துடைக்கலாம். துளையைக் குத்தலாம். பியூஸ் பார்க்கலாம். ஆனால் இரும்புக் கை உள்ள மிஷினில் மோட்டாரைத் தனியே கழற்றுவது ஆபத்து. அதில் கடிகாரச் சுருள்போல ஒரு வலுவான ஸ்பிரிங் இருக்கும். மோட்டார் பிடியை விட்டதும் இரும்புக் கை வெடுக்கென்று அடிக்கும். விரல் போகலாம். தெரிந்தவர்கள் முதலில் கையை ஆணி போட்டு இறுக்கிவிட்டு, கண்ணாடியையும் மேலே டேப் போட்டு நிறுத்திவிட்டு, அப்புறமே மோட்டாரைத் தொடுவார்கள்.

பிள்ளைகள் இருக்கிற வண்டி

கண்ணாடி இப்போது சத்தமில்லாமல் ஏறியது. டிரைவரின் மனைவி கேட்டார்:

"ஏங்க, இவ்வளவு வேகமா ஏறுதே, பசங்க கையை வெச்சா நிக்குமா?"

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி!

நிற்காது. பழைய வண்டிகள் பலவற்றில் தடை பட்டால் தானாகத் திரும்பும் ஏற்பாடு இல்லை. கண்ணாடிக்கு விரலும் தெரியாது, கழுத்தும் தெரியாது. ஜன்னலில் தலையை நீட்டும் பிள்ளையின் முழங்கால் சுவிட்சில் பட்டாலே போதும். வெளிநாடுகளில் இப்படிக் குழந்தைகள் மாண்டிருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்காவில், அழுத்தினால் கண்ணாடி ஏறும் சுவிட்சை ஒழித்து, விரலால் மேலே இழுத்தால் மட்டுமே ஏறும் சுவிட்சை 2010 முதல் கட்டாயமாக்கினார்கள். இழுப்பதை முழங்கால் செய்யாது.

இந்த வண்டியில் இருப்பதோ அழுத்தும் சுவிட்சு. அதுவும் நடுவில், பிள்ளைகள் முன்னால் தாவி வரும் இடத்தில்!

வண்டியை நிறுத்தினால் சாவியைக் கையோடு எடுத்துவிட வேண்டும். பின் கண்ணாடியைப் பூட்டும் பொத்தான் இருந்தால் அதை எப்போதும் போட்டுவைக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றுமுன் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். பிள்ளைகளை வண்டியில் விட்டுவிட்டு "ஒரு நிமிஷம்" என்று கடைக்குப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 10 நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி சூடு ஏறிவிடும். கண்ணாடியை இறக்கப் பிள்ளைக்குத் தெரியாது. சாவி இல்லாவிட்டால் தெரிந்தும் பயனில்லை.

மெக்கானிக் பெரிய பையனைக் கூப்பிட்டார். பழைய செய்தித்தாளைச் சுருட்டி ஜன்னலில் வைத்து, சுவிட்சை அழுத்தச் சொன்னார். கண்ணாடி ஏறித் தாளை நசுக்கியது. பையன் தாளை எடுத்துப் பார்த்தான். பிறகு தன் விரலைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

கடைசியாக மெக்கானிக் ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றினார். உள்ளே சீட்டு நனையவில்லை. கதவின் அடியிலிருந்து தண்ணீர் நூல்போல ஒழுகியது. இந்த முறை தெளிவாக.

வயருக்கும் உறைக்கும் சிறு தொகை. மற்றது கூலி. தீர்ப்புச் சொன்னவர் கணக்குப் போட்ட சில ஆயிரம் மிச்சம். டிரைவர் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போனார். பழத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து, நன்றாகப் பழுத்த ஒன்றை இறக்கிக் கடைத் திண்ணையில் வைத்தார்.

"இதெல்லாம் எதுக்கு தம்பி?" என்றார் மெக்கானிக். ஆனால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கத்தியையும் தேடத் தொடங்கிவிட்டார்.